முண்டு வத்தல்: கடனுக்கு யார், விலைக்கு யார்? கமிஷன் கடை, சொசைட்டி, கம்பெனி ஓர் ஒப்பீடு

புரட்டாசி கடைசியில் வானம் கறுக்கத் தொடங்கியதும் ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர், ஆர்.எஸ்.மங்கலம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரே கணக்குதான் ஓடும். டிராக்டர் வாடகை எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, அடியுரத்துக்கு எவ்வளவு, களையெடுக்க ஆள் கூலி எவ்வளவு. மழை விழுந்த ஈரத்தில் விதைத்தாக வேண்டும். பணத்துக்காக ஒரு வாரம் அலைந்தால் கரிசல் இறுகிவிடும். பிறகு மாசி, பங்குனியில் முண்டு என்கிற உருண்டை மிளகாய் சிவந்து களத்துக்கு வந்ததும் அடுத்த கணக்கு தொடங்கும்: இந்த வத்தலை யாரிடம் கொண்டுபோவது?

நம் சீமையில் பலரும் இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே பதிலை வைத்திருக்கிறார்கள். ஐப்பசியில் யார் பணம் கொடுத்தாரோ அவர் கடையிலேயே பங்குனியில் மூடையை இறக்குகிறார்கள். இதை மாற்ற முடியும் என்பதும் மாற்றியே ஆக வேண்டும் என்பதும் என் கருத்து. கடனை ஓரிடத்திலும் விற்பனையை வேறோர் இடத்திலும் வைத்துக்கொள்கிற குடும்பத்தால்தான் வத்தலுக்கு விலை பேச முடியும். அதற்கு எந்த வழி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பார்ப்போம். மூன்று ஏக்கர் மானாவாரி மிளகாய், கொஞ்சம் நெல், கழுத்தில் காதில் கிடக்கிற நகை என்று உள்ள ஒரு குடும்பத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

கமிஷன் கடை

விதைக்க முன்பணம் கொடுத்து, வத்தலைத் தரகுக்கு விற்றுத் தருகிற கடை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நம்மில் அதிகம் பேர் போகிற இடம் இதுதான். அவர்கள் விவரம் தெரியாமல் போகவில்லை. கடைக்காரர் பட்டா கேட்பதில்லை, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று சொல்லும் அடங்கல் கேட்பதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் போட்டாலும் ஐயாயிரம் கொடுத்தனுப்புவார். மகள் சடங்குக்கும் அவர்தான், கொழுந்தனார் துபாய்க்குப் போக விசா செலவுக்கும் அவர்தான். மழை பொய்த்த வருசம் "அடுத்த வெள்ளாமையில பாத்துக்கலாம்ணே" என்று கணக்கைத் தள்ளிப்போடவும் செய்வார். எந்தச் சங்கமும் இத்தனை நெருக்கமாக வந்து நிற்பதில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் விலை எங்கே போகிறது என்று பாருங்கள். அறுபதாயிரம் ரூபாய் முன்பணம், நூற்றுக்கு மாதம் இரண்டு வட்டி, ஐப்பசி முதல் சித்திரை வரை ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 7,200 ரூபாய். அறுநூறு கிலோ வத்தல், கிலோ 200 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்தால் வரவு 1,20,000. தரகு நூற்றுக்கு ஐந்து என்றால் 6,000 கழியும். கடனாளி என்பதால் வெளிவிலையைவிடக் கிலோவுக்குப் பத்து ரூபாய் மட்டும் குறைத்தாலும் இன்னொரு 6,000. மூன்றையும் கூட்டினால் 19,200 ரூபாய். கடைக்குக் கடை இந்த எண்கள் மாறும். கடை தந்த கணக்குச் சிட்டையை எடுத்து உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். இதில் வட்டி கண்ணுக்குத் தெரிகிறது, தரகு சிட்டையில் எழுதியிருக்கிறது. மூன்றாவது தொகை எந்தத் தாளிலும் இருக்காது. கடன்பட்டவர் இன்னொரு வியாபாரியிடம் விலை கேட்கவே போகமாட்டார் என்பதால் வருகிற இழப்பு அது.

கடையில் மூடை இறங்கியதும் நடப்பதைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். சாக்கின் வாயைப் பிரித்து, உள்ளே கை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார்கள். ஒன்றிரண்டை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்ப்பார்கள். விதை கலகலவென்று சத்தம் போட்டால் நன்றாகக் காய்ந்திருக்கிறது. காம்பு நிற்கிறதா, தோல் கறுஞ்சிவப்பா என்று பார்ப்பார்கள். வெளிறிப்போன சண்டு வத்தல் நாலைந்து கண்ணில் பட்டால் போதும், மொத்த மூடைக்கும் விலை இறங்கும். பங்குனியில் ஒருநாள் பெய்த கோடை மழையில் களத்தில் கிடந்த வத்தல் நனைந்திருந்தால், சண்டு வத்தலைத் தனியாகப் பொறுக்கிப் பிரித்தெடுக்க வீட்டுப் பெண்கள் இரண்டு நாள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வேலைக்கு உரிய விலை கிடைக்க வேண்டுமென்றால், ஒரே மூடையைக் குறைந்தது இரண்டு பேர் கை விட்டுப் பார்க்க வேண்டும். முன்பணம் வாங்கிய கடையில் ஒரே ஒரு கைதான் சாக்குக்குள் போகும்.

சொசைட்டி

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று போர்டில் எழுதியிருந்தாலும் நமக்கு அது சொசைட்டிதான். இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904ல் வந்தது. அதே ஆண்டு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் நம் மாநிலத்தின் முதல் வேளாண் கடன் சங்கம் தொடங்கியது. லேவாதேவிக்காரரின் வட்டியிலிருந்து உழவரை மீட்பதே அன்றைய நோக்கம். நூற்றிருபது ஆண்டு கழிந்தும் அந்த ஒரு வேலையில் சொசைட்டிக்கு நிகராக வேறெதுவும் இல்லை.

பயிர்க் கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. கெடுவுக்குள் கட்டிவிட்டால் தமிழ்நாட்டில் அந்த வட்டியை அரசே ஏற்றுக்கொள்கிறது, நமக்கு வட்டி இல்லை. மேலே போட்ட கணக்கில் 7,200 அப்படியே மிச்சம். அதைவிடப் பெரிய லாபம் வேறு: சொசைட்டி உங்கள் வத்தலைக் கேட்பதில்லை. அறுவடை குவிகிற பங்குனி, சித்திரையில் விலை அடிபட்டால், கெடு தேதி வரை மூடையை வைத்திருந்து விற்கலாம். அந்தப் பொறுமைக்கு இடம் கொடுக்கிற கடன் இது. கடன் சீட்டு வாங்கும்போதே கெடு தேதியைக் கேட்டு, சுவரில் தொங்கும் காலண்டரில் குறித்துவையுங்கள். ஒருநாள் தவறினாலும் வட்டிச் சலுகை போய்விடும்.

இனி குறைகள். முதல் தடை பட்டா. இந்தப் பேச்சை எல்லாச் சொசைட்டி வாசலிலும் கேட்கலாம்:

"பட்டா யாரு பேர்லக்கா இருக்கு?"

"எங்க மாமனாரு பேர்லதான் தம்பி. அவரு போயி எட்டு வருசமாச்சு."

"வாரிசுச் சான்று இருக்கா? மத்த பங்காளிக கையெழுத்துப் போடுவாங்களா?"

"ஒருத்தரு சவுதில, ஒருத்தரு சென்னைல. யாரப் புடிச்சு வாங்குறது?"

அக்கா திரும்பி நடந்து போகிற வழியில்தான் கமிஷன் கடை இருக்கிறது. கூட்டுறவு ஏன் கடைக்கோடிக்குப் போய்ச் சேரவில்லை என்று மேடையில் கேட்கிறவர்கள் இந்தக் கூட்டுப் பட்டாவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உழுவதும் களையெடுப்பதும் வத்தல் காயப்போடுவதும் பெண், காகிதத்தில் இருப்பது செத்துப்போன மாமனார். சித்திரையிலிருந்து ஆவணி வரை வேலை குறைந்த மாதங்கள். அப்போதே வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் இ-சேவை மையத்தில் மனுப் போட்டுவிட வேண்டும். வெளியூர்ப் பங்காளிகள் குலசாமி கும்பிட ஊருக்கு வரும்போதே கையெழுத்தை வாங்கி வைப்பது நல்லது. ஐப்பசியில் ஓடினால் நடக்காது. குத்தகைக்கு உழுகிறவர்கள் விஏஓவிடம் அடங்கலில் தங்கள் சாகுபடியைப் பதிய வைத்துச் சான்று வாங்கிக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். நில உடைமையாளர் இதற்குத் தயங்குவதுதான் வழக்கமான சிக்கல்.

இரண்டாவது, நிர்வாகம். 2018ல் தேர்தல் நடந்து அமைந்த கூட்டுறவு நிர்வாகக் குழுக்களின் பதவிக்காலம் 2023ல் முடிந்தது. அதன் பிறகு சங்கங்கள் அரசு அமர்த்திய தனி அலுவலர் பொறுப்புக்குப் போயின. ஆளுக்கொரு ஓட்டு என்பதே கூட்டுறவின் உயிர்நாடி. அந்த ஓட்டு இல்லாத காலத்தில், உரம் ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று கேட்க உறுப்பினருக்கு ஆள் கிடையாது. என்னைப் பொறுத்தவரை சொசைட்டியின் ஆகப்பெரிய பலவீனம் இதுதான். பணக் குறைவைக்கூட அரசு ஈடு கட்டிவிடும். இதை யாரும் ஈடு கட்ட முடியாது.

2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடி அறிவிப்பு வந்தது. 2016 வடகிழக்குப் பருவமழை 60 விழுக்காட்டுக்கு மேல் பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டமும் வறட்சி மாவட்டமாக அறிவிக்கப்பட்ட பிறகு, மீள முடியாமல் கிடந்த வீடுகளுக்கு இப்படி ஒரு தள்ளுபடி மூச்சு விடும் இடம். அதே சமயம் காதுத் தோட்டை அடகு வைத்து கெடுவுக்குள் கட்டியவருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த தள்ளுபடியை நம்பிக் கெடுவைத் தவறவிடாதீர்கள் என்பதே என் யோசனை. தள்ளுபடி வராத வருசங்களே அதிகம், வட்டி எல்லா வருசமும் வரும்.

இன்னொரு விசயமும் பலருக்குத் தெரியாது. சொசைட்டியில் போடுகிற டெபாசிட்டுக்கு ரிசர்வ் வங்கியின் துணை அமைப்பு தரும் ஐந்து லட்சம் வரையிலான வைப்புக் காப்பீடு பொருந்தாது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் போட்டால் பொருந்தும். ஆகவே கடனுக்குச் சொசைட்டி, சேமிப்புக்கு மத்திய வங்கிக் கிளை என்று பிரித்துக்கொள்வது பாதுகாப்பு.

பயிர்க் காப்பீட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் சொசைட்டியில்தான் அதைக் கட்டுகிறார்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் ராபி நெல்லுக்கு விவசாயி பங்கு 1.5 விழுக்காடு, மிளகாய் போன்ற தோட்டப் பயிருக்கு 5 விழுக்காடு. 2020 முதல் கடன் வாங்கியவருக்கும் இது கட்டாயமில்லை. அதனால் "கடன்லயே புடிச்சிருப்பாங்க" என்று நம்பி இருக்கக் கூடாது. ரசீதைக் கையில் வாங்கி, சர்வே எண்ணும் பயிர்ப் பெயரும் சரியா என்று பார்க்க வேண்டும். மகசூல் இழப்பைத் தனி வயலுக்குக் கணக்கிடுவதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது சில கிராமங்கள் சேர்ந்த பிர்க்காவின் சராசரி விளைச்சலை வைத்துத்தான் இழப்பீடு. உங்கள் வயல் கருகி, பக்கத்துக் கண்மாய்ப் பாசனத்தில் நல்ல விளைச்சல் என்றால் பணம் வராமல் போகலாம். இதற்குச் சொசைட்டிச் செயலாளரைத் திட்டிப் பயனில்லை.

உற்பத்தியாளர் கம்பெனி

ஊரில் இப்போது "எஃப்பிஓ" என்றும் "கம்பெனி" என்றும் சொல்வது விவசாயிகளே பங்கு போட்டு நடத்துகிற இதைத்தான். 2002ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி இந்த வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். உற்பத்தி செய்கிற பத்துப் பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். அந்த வகையில் கூட்டுறவின் ரத்தம் இதிலும் ஓடுகிறது. கூட்டுறவுத் துறையின் தனி அலுவலர் வந்து உட்கார முடியாது. 2020ல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு மொத்தம் 15 லட்சம் வரை இணைப் பங்கு மானியமும், மூன்றாண்டு நிர்வாகச் செலவுக்கு 18 லட்சம் வரை உதவியும் அறிவித்தார்கள்.

வத்தலுக்கு இது சொசைட்டியைவிடப் பொருத்தமான விற்பனை வழி. காரணம் தரம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாய், தோல் தடித்து, கறுஞ்சிவப்பில் இருக்கிற நம் வத்தலின் பெயரை வேறு வட்டாரத்து வத்தலுக்குப் போட்டு விற்கக் கூடாது என்பதற்கான சட்டப் பாதுகாப்பு அது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்தவர்தான் அந்த முத்திரையைப் பயன்படுத்த முடியும். இருநூறு கிலோ வைத்திருக்கிற ஒருவர் தனியாகப் பதிந்து, பரிசோதனைச் சான்று வாங்கி, வெளிநாட்டுக்கு அனுப்புவது நடக்கிற காரியமில்லை. முந்நூறு பேர் சேர்ந்து ஒரே மாதிரி தார்ப்பாயில் காயவைத்து, பூஞ்சை நஞ்சு இல்லை என்று ஆய்வகச் சான்றோடு ஒரு லாரி வத்தல் கொடுத்தால், மசாலா கம்பெனி நேரடியாகப் பேச வரும்.

இதன் பலவீனமும் தெளிவானது: நடைமுறை மூலதனம் இல்லை. வத்தலை எடுத்துக்கொண்டு, "வாங்குறவங்க பணம் போட்டதும் தர்றோம்" என்றால், சித்திரையில் பள்ளிக்கூடக் கட்டணமும் கல்யாண மொய்யும் காத்திருக்கிற வீட்டால் தாங்க முடியாது. உறுப்பினரே பாதி வத்தலைப் பழைய கடைக்குக் கொண்டுபோவார். கம்பெனிக்குச் சரக்குக் குறையும், சொன்ன அளவுக்குக் கொடுக்க முடியாமல் பெயர் கெடும். மானியக் காலமான மூன்று ஆண்டு முடிந்ததும் கணக்காளருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல், ஆண்டறிக்கை தாக்கல் செய்யாமல் பெயரளவுக்கு நிற்கிற நிறுவனங்கள் தமிழகம் எங்கும் உண்டு. சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: போன வருசம் எத்தனை டன் வத்தல் வாங்கினீர்கள்? எத்தனை நாளில் பணம் கொடுத்தீர்கள்? கடைசிப் பொதுக்குழு என்றைக்கு? மூன்றில் ஒன்றுக்காவது தயங்கினால் பங்குத் தொகையைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்

கம்பெனி சரியில்லாத ஊர்களுக்கு, அரசின் மேற்பார்வையில் நடக்கிற இது மாற்று. மறைமுக ஏலத்தில் பல வியாபாரிகள் விலை எழுதிப் போடுகிறார்கள், விவசாயியிடம் தரகு பிடிப்பதில்லை. விலை படியவில்லையென்றால் கிடங்கில் வைத்து, மதிப்பில் 75 விழுக்காடு வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம், 180 நாள் வரை. ராமநாதபுரத்திலிருந்து பரமக்குடி போகிற வழியில் எட்டிவயலில் மிளகாய்க்கென்றே வணிக வளாகம் இருக்கிறது. வத்தலை வைகாசி, ஆனி வெயிலில் தகரக் கொட்டகையில் வைத்தால் நிறம் வெளுத்துவிடும் என்பதால், வைத்து விற்க நினைப்பவர்கள் குளிர்பதனக் கிடங்கு வாடகையையும் விசாரித்துக் கணக்குப் போட வேண்டும். தூரம் ஒரு தடை. சாயல்குடியிலிருந்து நாலு மூடைக்குத் தனி வண்டி பிடித்தால் கட்டாது. அக்கம்பக்கத்து ஆறேழு வீடுகள் சேர்ந்து ஒரு மினி லாரி பேசினால் கட்டும்.

பாலும் மீனும் சொல்வது

இதே ஊர்களில் பால் சங்கங்கள் தாக்குப்பிடித்து நடப்பதைப் பார்க்கிறோம். கொழுப்பையும் இதர சத்தையும் கருவி அளக்கிறது, விலை அதிலிருந்து வருகிறது. யாரும் கை விட்டு அள்ளிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதில்லை. வத்தலுக்கு நிறமும் ஈரப்பதமும் அளக்கிற கருவியைச் சொசைட்டியிலோ கம்பெனியிலோ வைத்து, தரத்துக்கு இத்தனை என்று பலகையில் எழுதிப் போட்டால், சண்டைக்கு இடமில்லாமல் பாதி விற்பனைச் சிக்கல் தீரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கடலோரத்துக்கு வந்தால் ஏர்வாடி, மூக்கையூர், பாம்பன், தொண்டி எங்கும் மிளகாய்க்காரரின் கதையேதான். நாட்டுப்படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே நண்டும் கணவாயும் போகிறது, அவர் சொல்வதே விலை. மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசுப் பங்கு 3,000 சேர்ந்து 4,500 கிடைக்க அதுதான் வழி. நிவாரணம் வாங்கித் தருவதோடு பெரும்பாலான சங்கங்களின் வேலை நின்றுவிடுகிறது, மீனை விற்றுத் தருவதில்லை. கன்னியாகுமரிக் கடற்கரையில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த ஊர்ச் சங்கங்கள் கரையேலத்தையே தங்கள் கையில் எடுத்தன. கடனும் சங்கத்தில், ஏலமும் சங்கத்தில், ஆனால் ஏலத்தில் பல வியாபாரிகள். அதனால் கடன் கொடுத்த இடத்திலேயே விற்றும் விலை அடிபடவில்லை. கடனையும் விற்பனையையும் பிரிக்கச் சொல்லும் என் யோசனைக்கு இருக்கிற ஒரே நல்ல விதிவிலக்கு இது. நம் கரையிலும் இதைச் செய்யலாம், மன்னார் வளைகுடாப் பக்கம் பாசி எடுக்கிற பெண்களுக்கும் சேர்த்து.

எந்த வீட்டுக்கு எது

பட்டா உங்கள் பேரில், பழைய பாக்கி இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம். சொசைட்டிக் கடன், காப்பீட்டு ரசீது, விற்பனைக்கு நல்ல கம்பெனி அல்லது விற்பனைக்கூடம்.

பட்டா சிக்கலில் கிடந்தால் இந்த வருசம் சொசைட்டியில் நகைக் கடன் வாங்கி விதையுங்கள். கடையின் மாத வட்டியோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல், அதற்கு நிலக் காகிதமும் தேவையில்லை. கூடவே பட்டா மாறுதல் மனுவை நகர்த்துங்கள்.

ஏற்கனவே கடையில் பெரிய பாக்கி இருக்கிறதென்றால் ஒரே வருசத்தில் முறித்துக்கொள்ள முயல வேண்டாம். அந்தக் கடைக்காரரின் கைமாற்று வேறெதற்காவது தேவைப்படும், உறவும் கெடும். அவரிடமே உட்கார்ந்து பேசுங்கள்: "இந்த வருசம் பாதி மூடை உங்களுக்கு, மீதியை வெளிய போட்டுப் பாக்குறேன்ணே, பாக்கிய ரெண்டு வெள்ளாமையில அடைச்சிர்றேன்." பேசியதை இரண்டு பேர் முன்னால் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வெளியே போட்ட பாதிக்கு என்ன விலை கிடைத்தது என்பதை அவர் சிட்டைக்குப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். அடுத்த புரட்டாசியில் யாரிடம் போவது என்பதை அந்த இரண்டு எண்களை வைத்து வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து முடிவு செய்யலாம்.